கடைசி நாலு வரி

எங்கள் கம்பெனி பஸ்ஸில் இப்போதும் அந்தப் பாட்டு ஓடுகிறது. டிரைவர் அண்ணனின் ஸ்பீக்கர் கரகரவென்றுதான் பாடும். என்றாலும் பாட்டு ஆரம்பித்ததும், ஷிப்ட் முடிந்து தூங்கி வழிகிற பெண்கள் கண்ணைத் திறக்காமலே முன் சீட்டுக் கம்பியில் தாளம் போடத் தொடங்கிவிடுவார்கள்.

வூட்டுல என்னா பேசுவீங்க?
வூட்டுல யாரும் பேசலீங்க.
அம்மா நைட்டு, அப்பன் பகலு,
அடுப்பு மட்டும் பேசுதுங்க.

போனில் அந்தப் பாட்டின் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் ஒரு பெண் வருவாள். கழுத்து நிறைய பாசிமணி, தலையில் காட்டுப்பூ, முகத்தில் பூசின கருப்பு. நல்ல பெண்ணாகக்கூட இருக்கலாம், அவள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அது பாட்டைக் கட்டினவளின் முகம் இல்லை. குரலும் அவளுடையது இல்லை. வார்த்தைகள் மட்டும் அவளுடையவை, அதிலும் கடைசி நாலு வரி நீங்கலாக. அந்த நாலு வரி வரும்போது எங்கள் பஸ்ஸில் யாரும் பாட மாட்டோம். டிரைவர் அண்ணன் சத்தத்தைக் குறைப்பார், நாங்கள் மறுபடி முதல் வரிக்குப் போய்விடுவோம். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் ஏன் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே விடுகிறேன்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அடுத்ததாக ஊரைக் கேட்பீர்கள். ஊரைச் சொன்னால் அதற்கடுத்ததைக் கேட்பீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?

ஓசூரில் வாடகைக்கு வீடு தேடினவர்களுக்கு அந்தக் கேள்வி தெரிந்திருக்கும். வீட்டுல என்ன பேசுவீங்க? வெளியூர்க்காரர்கள் இதை ஏதோ அன்பான விசாரிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற ஊர் இது. கேட்பது நியாயம்தானே என்று தோன்றும். மொழியைச் சொன்னதும் இரண்டாவது கேள்வி வரும், அதற்குப் பதில் சொன்னதும் மூன்றாவது. மூன்றாவது முடியும்போது உங்களை எந்த அலமாரியில் எந்தத் தட்டில் வைக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். என்னிடம் கேட்டபோது "தமிழ்" என்றேன். "தமிழுன்னா எந்தப் பக்கம்?" "சிவகங்கைப் பக்கம்." "சிவகங்கைப் பக்கம்னா யாரு?" அதற்குள் வாசலில் வைத்த என் பெட்டி வெயிலில் கொதித்துவிட்டது.

எங்கள் ஓனரம்மா மாடியில் இருந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு. கீழே இருந்த அறைகளைக் கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இவள் வந்த அன்று நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பை, ஒரு நீலத் தண்ணீர் பாட்டில், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடை. ஓனரம்மா படியிறங்கி வந்து சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"வூட்டுல என்னாம்மா பேசுவீங்க?"

"வூட்டுல எங்கம்மா பேசுறோம்? அம்மா நைட் ஷிப்ட்டு, அப்பா பகல் ஷிப்ட்டு. அடுப்புதான் பேசும்."

ஓனரம்மா சிரித்துவிட்டார். சிரித்ததில் இரண்டாவது கேள்வி மறந்துபோனது. சாவி கை மாறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடி ஆத்தி, இவள் சரியான எமகாதகி என்று நினைத்துக்கொண்டேன்.

அவளும் நானும் ஒரே அறை, ஒரே லைன். வண்டிக்கு உள்ளே போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை. அந்த லைனில் அவளிடம் ஊர் கேட்காத ஆள் கிடையாது. "பஸ்ஸு திரும்புற பக்கம்தான் சார்" என்பாள் சூப்பர்வைசரிடம். கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில் மடக்குவாள், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில். குவாலிட்டியில் இருந்த கன்னடக்காரர் அவளை எங்க ஆளு என்பார். ஸ்டோர்ஸில் இருந்த தெலுங்குக்காரர் சத்தியம் பண்ணுவார், தன் அத்தை பேசுகிற தெலுங்கே அதுதான் என்று. எங்கள் தெக்கத்திப் பிள்ளைகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். டீ நேரத்தில் இந்த மூன்று கட்சிக்காரர்களும் அடித்துக்கொள்ளாத குறையாகப் பேசுவார்கள். அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பாள்.

எனக்கு மண்டை குடையும். ஒரே அறையில் படுத்து எழுகிறவளின் ஊர் தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும்? ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏன்டி, வாயத் தொறந்தா இப்படிப் பொய்யா அளக்குறியே, நாக்கு கூசல?"

அவளுக்குச் சுருக்கென்றது. "பொய் எங்கக்கா சொன்னன்? எங்கம்மா நெசமாவே நைட் ஷிப்ட்டுதான். நான் பதில்தான் சொல்லல. பொய் சொல்றது வேற, பதில் சொல்லாம இருக்குறது வேற. அதையும் இதையும் ஒண்ணாக் கொழப்பாத."

பிறகு நான் கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டாலும் அவள் வழுக்குவாள், நழுவுவாள், சிரிக்க வைப்பாள். ஆனால் தான் அல்லாத ஒன்றைத் தான் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்கு அந்தக் கட்டுப்பாடு பிடித்துப்போனது. பயமாகவும் இருந்தது. ஆயுசு முழுக்க இப்படி நழுவிக்கொண்டே இருக்க முடியுமா ஒருத்தியால்?

இன்னொரு பழக்கம் அந்த நீல பாட்டில். எங்கே போனாலும் கூடவே வரும். யார் வீட்டிலும் தண்ணீர் கேட்க மாட்டாள், கொடுத்தாலும் வாங்க மாட்டாள். தன் பாட்டிலிலும் வாய் வைத்துக் குடிக்க மாட்டாள், அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள். பாதித் தண்ணீர் தாடையில் வழிந்து யூனிபார்ம் நனையும்.

"சொந்த பாட்டில்தானடி. வாய வச்சுக் குடிச்சா என்ன குறைஞ்சா போயிரும்?"

"பழக்கம்க்கா" என்பாள்.

அந்தப் பழக்கத்தின் கதை எனக்கு வேப்பனப்பள்ளியில்தான் தெரிந்தது. எங்கள் லைனில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். மாங்காய் சீசனில் எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். தோப்பிலேயே உட்கார்ந்து முழங்கை வரை ஒழுக ஒழுகத் தின்றோம். அவளுடைய அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டார், இவள் நழுவ வேண்டியபடி நழுவினாள். பிறகு அந்தம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்தேன். இவள் "வேணாம்மா, இருக்குது" என்று பாட்டிலைக் காட்டினாள். அந்தம்மா மறுபடி நீட்டினார். இவள் மறுபடி வேண்டாம் என்றாள். தோழிக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க வூட்டுத் தண்ணி எறங்காதா உனக்கு? அவ்ளோ பெரிய ஆளா நீ?"

இவள் வாயடைத்துப்போய் நின்றாள். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் அப்படி நின்றதை அன்றுதான் பார்த்தேன். நல்லவேளையாக அந்தம்மாவே மகளை அதட்டினார். "சும்மா இரு. ஆச்சாரம் பாக்குற வூட்டுப் பொண்ணு போல இருக்குது. அவங்க பழக்கம் அவங்களுக்கு." அதோடு நிறுத்தினாரா? அடுத்த நிமிஷத்திலிருந்து இவளை வாங்க போங்க என்று பேச ஆரம்பித்துவிட்டார். உட்காரப் பாய் வந்தது. கிளம்பும்போது இவளுக்கு மட்டும் தனியாக ஒரு பை மாம்பழம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆச்சாரமாம்க்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சநேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"ஒரு தடவ நேராப் பதில் சொன்னன்க்கா. மொதல் கம்பெனில, மொதல் வூட்டுல. கேட்டாங்க, சொன்னன். மறுநாள்ல இருந்து எனக்குத் தனி டம்ளர்."

மாம்பழப் பை அவள் மடியில் இருந்தது. எந்த வீடு, யார், என்ன என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளிடம் ஊரும் கேட்டதில்லை.

பாட்டு அந்த பஸ்ஸிலா பிறந்தது, கம்பெனி பஸ்ஸிலா என்று எனக்குத் தெரியாது. அவள் அவரவருக்குச் சொன்ன பதில்களையெல்லாம் கோத்து, சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டே பாடிக் காட்டினாள். எந்தப் பக்கம் உங்க ஊரு, பஸ்ஸு திரும்புற பக்கமுங்க. சீட்டு இருந்தா ஒக்காந்துக்குவன், இல்லாங்காட்டி நிக்கிறன்ங்க. எங்களுக்கெல்லாம் உடம்பு சிலிர்த்துப்போயிற்று. அந்தக் கேள்வியில் அடி வாங்காதவள் அந்த பஸ்ஸில் யார் இருந்தாள்? ஒரு பிள்ளை அதைப் போனில் பிடித்துப் போட்டுவிட, அது எங்கெங்கோ சுற்றி, பெங்களூரிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நான் போனேன்.

அவருக்கு முப்பது வயதிருக்கும். மெட்ராஸ் பேச்சு. கழுத்தில் ஹெட்போன், காலில் செருப்பு இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதையான மனிதர்தான். பல்லைக் கடித்துக்கொண்டாவது அதைச் சொல்லிவிட வேண்டும்.

"சிஸ்டர், இந்தப் பாட்டக் கேட்டு எனக்குத் தூக்கமே வரல. எவனும் கேக்காத விஷயத்தக் கேட்டிருக்கீங்க" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, சொல்லுங்க. நீங்க வீட்டுல என்ன பேசுவீங்க?" என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் சிரிக்காமல், "பாட்டுலயே இருக்குது சார்" என்றாள்.

"இல்ல, நிஜமா. ஊரு எது?"

"நாட்றாம்பாளையம் பஸ் தெரியுமா சார்? அதுல ஒரு தடவ தூங்கிட்டன். கடைசி ஸ்டாப்புல எழுப்பி எறக்கி வுட்டாங்க. அந்த மாதிரி ஆளு சார் நானு."

அவள் சொன்னதில் அவர் காதில் நின்றது ஊர்ப் பெயர் மட்டும்தான். கண் விரிந்துவிட்டது. "நாட்றாம்பாளையமா? அஞ்செட்டி தாண்டி? காட்டோரமா?" என்றவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "கிடைச்சிருச்சு" என்றார்.

நான் முழங்கையால் அவளை இடித்தேன். அவள் வாயைத் திறந்தாள். பிறகு பாட்டிலை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் அவர் வெகுதூரம் போய்விட்டார்.

பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் போதாதாம். பாடுகிறவள் யார் என்று ஒரு முகம் வேண்டுமாம். "யூனிபார்ம்ல ஒரு பொண்ணு பாடுனா அது ஃபேக்டரிப் பொண்ணு, அவ்ளோதான். அதே பாட்ட ஒரு மலைப் பொண்ணு பாடுனா ஊரே திரும்பிப் பாக்கும் சிஸ்டர். பொய் சொல்லச் சொல்லல. உங்க அடையாளத்தத்தான் எடுத்து முன்னால வைக்கிறோம்." பாட்டுக்கு முடிவு இல்லை என்று சொல்லி, தானே எழுதின நாலு வரியைப் படித்துக் காட்டினார்.

மலையோட மகள் நானுங்க,
காடுதான் என் வீடுங்க,
மானோட பேச்சே என் பேச்சு,
மறைக்க ஒண்ணும் இல்லீங்க.

"இது பதிலாச்சே சார்?" என்றாள் அவள்.

"ஆமா, பதில்தான். கேள்வியாவே விட்டா கேக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

மற்ற வரிகளையெல்லாம் அன்றே கண்ணாடி அறைக்குள் நிறுத்திப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். பாட்டின் உரிமை கம்பெனிக்கு என்று கையெழுத்தும் வாங்கினார்கள். அந்தக் கடைசி நாலு வரியை மட்டும் மலையிலேயே, மலைக்காற்றுச் சத்தத்தோடு, ஷூட்டிங்கின்போது பாட வேண்டும் என்றார். அவருக்கு அது பெரிய ஐடியா.

திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன்டி, அது உன் ஊரா?"

"இல்லக்கா."

"அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதான?"

"நான் சொல்லலியே. அவரே வச்சிக்கிட்டாரு."

"உன் கணக்குல இது பொய் இல்லயாக்கும்?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் கொரலு வரணும்க்கா. என்னைய உள்ள வுடாத வூட்டுக்குள்ளயெல்லாம் அது போவும். சமையக்கட்டுல பாடும். சாமி ரூம்புல கேக்கும். யாரும் அத வாசல்ல நிறுத்தி எதுவும் கேக்க மாட்டாங்க. அந்த ஒண்ணுக்காகத்தான்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் இவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டால்?

இங்கே ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஷூட்டிங் முடிந்து வந்த அந்த மாதமே ஓனரம்மா ஆள் விட்டுச் சொன்னார், ரூம் அவருடைய உறவுக்காரர்களுக்கு வேண்டுமாம். ஷூட்டிங்குக்கு எங்களைக் கூட்டிப்போன வேன் டிரைவர் அவருடைய அண்ணன் மகன். சேதி எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. "உன்ன ஒண்ணும் சொல்லலம்மா, நீ இரு" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நானும் பெட்டியைக் கட்டினேன். அவள் கணக்கை முடித்துக்கொண்டு வேறு ஊருக்கு, வேறு கம்பெனிக்குப் போனாள். கையெழுத்து கையில் இருந்ததால் பாட்டுக் கம்பெனி வேறொரு பெண்ணை வைத்து முதலிலிருந்து பாடிப் படம் எடுத்துக்கொண்டது. எப்போதாவது போன் வரும். "பாட்டு ஓடுதாக்கா?" என்பாள். "ஓடுது" என்பேன். "கடைசி நாலு வரி?" "எங்க பஸ்ஸுல ஓடலடி." சிரிப்பாள்.

இனி அந்த நாள்.

விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினோம். தேன்கனிக்கோட்டை தாண்டி, அஞ்செட்டி தாண்டி, வேன் வளைந்து வளைந்து இறங்கி ஏறியது. அவள் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்குச் சற்று வெளியே ஒரு ராகிக் கொல்லை ஓரம் வேனை நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் மலை. அந்தப் பக்கத்துக் காற்று மட்டும் நன்றாக இருந்தது.

மேக்கப் போடுகிற பெண் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து முகத்தில் கருப்பு பூச ஆரம்பித்தாள். அவள் ஏற்கனவே என்னைப் போலக் கருப்புதான். "இன்னும் கொஞ்சம்" என்றார் ஹெட்போன்காரர். மறுபடி பூசினாள். "இன்னும் கொஞ்சம்." கழுத்து, கை, காது மடல் வரை பூசினார்கள். பாசிமணி போட்டார்கள், பூ வைத்தார்கள். அவள் கண் மட்டும் வெளியே தெரிந்தது. அது என்னையே பார்த்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னால் நிற்பதற்கு அந்த ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சேலையிலும் நைட்டிமேல் துண்டிலுமாக வந்திருந்தவர்களுக்குப் பாசிமணியை எடுத்து நீட்டியதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதெல்லாம் நாங்க போடறதில்லியே" என்றாள் ஒருத்தி. "வீடியோவுக்குத்தாம்மா" என்றார்கள். போட்டுக்கொண்டார்கள். வரிசையின் ஓரத்தில் ஐம்பது வயசுக்காரி ஒருத்தி, கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்து நின்றிருந்தாள். கையில் தண்ணீர்ச் சொம்பு. அவள் மட்டும் மணியை வாங்கவில்லை.

கேமரா தயாரானது. ஹெட்போன்காரர் கையைத் தட்டினார். "எல்லாரும் இவங்களப் பாருங்க. இவங்க உங்க ஊருப் பொண்ணு. பெரிய பாடகியா ஆகப்போறாங்க. உங்க பொண்ணப் பாக்குற மாதிரி சந்தோசமாப் பாருங்க."

பெண்கள் பார்த்தார்கள். ஒரு முகத்திலும் சந்தோசம் இல்லை. "யாரு வூட்டுப் பொண்ணு?" என்று ஒரு குரல் கேட்டது. "எந்தத் தெரு?" என்றது இன்னொன்று.

ஹெட்போன்காரரின் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. "என்னம்மா, உங்க ஊருப் பொண்ணத் தெரியலியா உங்களுக்கு?"

இவள் அந்தக் கருப்பு மாவுக்குள் அசையாமல் நின்றாள். வியர்வை அதில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அந்தக் களைக்காரி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தெரிந்ததோ அவளுக்கு. இரண்டடி முன்னால் வந்து, "தெரியாம என்னா?" என்றாள். "நம் ஹுடுகினே. நம்ம பொண்ணுதான் இது. சின்னதுல ஊர வுட்டுப் போச்சு, அதான் இதுங்களுக்கு அடையாளம் தெரியல."

எனக்கு உயிர் வந்தது. ஹெட்போன்காரர் "சூப்பர்மா, சூப்பர்" என்றார். மற்றப் பெண்களும் தலையாட்டினார்கள். களைக்காரி இவள் பக்கத்தில் போய்ச் சொம்பை நீட்டினாள். "எவ்ளோ நேரமா வெய்யில்ல நிக்கிற. தண்ணி குடி மவளே."

இவள் வாங்கினாள். யாரிடமும் வாங்காதவள் வாங்கினாள். அண்ணாந்து ஊற்றச் சொம்பைத் தூக்கினாள். பாதியில் கை நின்றுவிட்டது. கீழே இறக்கினாள்.

"எறங்காதும்மா" என்றாள். "பொய் சொல்லி வாங்குன தண்ணி எனக்கு எறங்காது. நான் இந்த ஊரு இல்ல."

"சிஸ்டர்" என்றார் ஹெட்போன்காரர்.

"நான் உங்க பொண்ணும் இல்ல. யாருன்னு தெரியாமக் குடுத்துட்டீங்க. நான் யாருன்னு சொல்லிடறன். அப்புறமும் குடுத்தீங்கன்னா குடிக்கிறன்."

சொன்னாள். எந்த ஊர், அந்த ஊரில் எந்தப் பக்கம், அம்மா என்ன வேலை, அப்பா என்ன வேலை, வீட்டில் என்ன பேசுவார்கள், அவர்கள் யார். ஒன்றையும் விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. இரண்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருந்த எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதை இங்கே நான் எழுத மாட்டேன். அது அந்தம்மாவிடம் சொன்னது.

பாசிமணி போட்டு நின்ற வரிசையில் ஒருத்தி அரை அடி பின்னால் நகர்ந்தாள். இன்னொருத்தி சொம்பைப் பார்த்தாள், களைக்காரியைப் பார்த்தாள். வேன் டிரைவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டான். இவள் சொம்பைத் திருப்பிக் கொடுக்க நீட்டினாள்.

களைக்காரி வாங்கவில்லை.

"பேசி முடிச்சிட்டியா?" என்றாள். "குடி."

இவள் மறுபடி அண்ணாந்தாள். களைக்காரி அவள் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"மேல தூக்காத. வாய வச்சே குடி."

அவள் வாயை வைத்துக் குடித்தாள். ஒரு சொட்டும் தாடையில் வழியவில்லை. தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன், என் கண்ணீரைத் துடைக்கத் தோன்றவில்லை. அவள் கொடுத்தபோது சொம்பின் விளிம்பில் கருப்பு ஒட்டியிருந்தது. களைக்காரி அதைத் துடைக்கவில்லை. மிச்சத் தண்ணீரை அதே விளிம்பில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஹெட்போன்காரர், பாவம், அவர் வேலை அது, கேட்டார்.

"சிஸ்டர், அந்தக் கடைசி நாலு வரி?"

அவள் கழுத்திலிருந்த பாசிமணியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பத்தான சார் சொன்னன்."